மூச்சு தேவைப்படாத வாத்தியம்

"கை நல்லா ஓடுது, ஆனா ஃபீல் இல்லை." கிட்டார் வாசிக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் என்றாவது ஒரு நாள் இந்தத் தீர்ப்பைக் கேட்டிருப்பார்கள். சொல்வதற்கு ஒரு நொடி போதும். சொன்னவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். கேட்டவனுக்கு அது மாதக்கணக்கில் உள்ளே கிடந்து உறுத்தும். மறுநாள் காலையில் கிட்டாரை எடுத்து உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று அந்த வாக்கியத்தில் எதுவும் இல்லையே. சுருதி சேரவில்லை என்று சொன்னால் சுருதி சேர்க்கலாம். தாளம் நழுவுகிறது என்று சொன்னால் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்துக்கொண்டு உட்காரலாம். ஃபீல் இல்லை என்று சொன்னால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி சில காலமாக என்னை விட மாட்டேன் என்கிறது. திருச்சியில் ஒரு கல்லூரிக் கலைவிழாவில் அது தொடங்கியது. தனி வாத்தியப் போட்டிக்கு மூன்று நடுவர்கள், அதில் நான் ஒருவன். கடைசிச் சுற்றில் இரண்டு கிட்டார்கள் மிஞ்சின. முதல் பையன் வேகத்துக்குப் பேர்போன ஸ்வீடன் கிட்டார்காரர் யிங்வே மால்ம்ஸ்டீனின் 'ஃபார் பியாண்ட் த சன்' எடுத்துக்கொண்டான். கேட்டவர்களுக்குத் தெரியும், அது கைக்கு அதிகம் ஓய்வு தராத உருப்படி. பையன் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. தந்தியை மீட்டும் வலது கையின் பிக்கும் இடது கை விரல்களும் துளி பிசகாமல் சேர்ந்தே விழுந்தன. பிக்கை ஒரே வீச்சில் பல தந்திகளில் ஓட்டும் ஸ்வீப் பிக்கிங் வரும் இடங்களில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்டது. தொடாத தந்தி ஒன்றுகூட முனகவில்லை. இரண்டாமவன் பழைய திரைப்பாடல் ஒன்றை மெதுவாக வாசித்தான். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, நிறைய ரிவெர்ப் (எதிரொலி) வைத்து. அரங்கம் அவனோடு சேர்ந்து முணுமுணுத்தது. மற்ற இரண்டு நடுவர்களும் அவனுக்குத்தான் முதல் பரிசு என்றார்கள். ஏன் என்று கேட்டால் அதே பதில். முதல் பையனிடம் ஃபீல் இல்லை.

எனக்கு ஒப்பவில்லை. இரண்டாவது பையன் தந்தியை இழுத்துத் தொட வேண்டிய ஸ்வரங்கள் எல்லாம் தொட வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டன. பாட்டு நமக்குப் பழகியது, காலப்பிரமாணமும் மெதுவானது என்பதால் கேட்பவர்களின் மனமே அந்தக் குறையை நிரப்பிக்கொண்டது. முகத்தில் இருந்த உருக்கம் கைக்கு வந்து சேரவில்லை. ஆனால் முதல் பையன் வாசித்து முடித்தபோது எனக்குள்ளும் ஏதோ ஒன்று தங்காமல் போனது உண்மை. அது என்ன என்று பெயர் சொல்ல அன்றைக்கு எனக்கு வரவில்லை. நான் முதல் பையனுக்கே கூடுதல் மதிப்பெண் போட்டேன். பெரும்பான்மைப்படி பரிசு இரண்டாமவனுக்குப் போனது.

விழா முடிந்து வெளியே டீக்கடையில் நின்றபோது முதல் பையன் தேடிக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. "சார், ஃபீல் இல்லைன்னு சொன்னாங்களாம். சரி. அதை எப்படி ப்ராக்டிஸ் பண்றது? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உக்காரணும்?" என்று கேட்டான். சவால் விடவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். கிட்டார் பற்றி எத்தனையோ பேரோடு பேசியிருக்கிறேன். இவ்வளவு நேரான கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா தம்பி, உட்கார்ந்து பார்ப்போம் என்றேன்.

எண்ண முடிந்ததைத்தான் பழகுகிறோம்

வேகத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அதை எண்ணலாம். மெட்ரோனோமை 150-ல் வைத்து ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் நொடிக்கு 10 ஸ்வரம். போன வாரம் 140, இந்த வாரம் 144, அடுத்த வாரம் 150 என்று முன்னேற்றம் கண்ணுக்கு நேரே தெரியும். பதினேழு வயதில் தனி அறையில் உட்கார்ந்து பழகுகிறவனுக்கு இதைவிடத் துணையான விஷயம் வேறில்லை. பக்கத்தில் குரு இல்லை, பக்கவாத்தியம் இல்லை. எண் மட்டும் பொய் சொல்லாமல் கூடவே இருக்கிறது. அந்தப் பையன் அப்படித்தான் வளர்ந்திருந்தான். அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

இந்த ஓட்டப்பந்தயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஓரளவு துல்லியமாகவே காட்டலாம். 1977-ல் ஹாலிவுட்டில் கிட்டார் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி தொடங்கியது. 1978-ல் வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அதில் எட்டி வான் ஹேலனின் 'இரப்ஷன்' என்ற தனி வாசிப்பு 1 நிமிடம் 42 நொடிதான். வலது கை விரலையும் கிட்டார் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் (ஃப்ரெட்டுகள்) பதித்த ஃப்ரெட்போர்டின் மேல் தட்டி வாசிக்கும் அந்த முறையைக் கேட்டு ஒரு தலைமுறையே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. ஸ்வீடனிலிருந்து வந்த மால்ம்ஸ்டீன், 1984-ல் வந்த தன் ஆல்பத்தில் பாகனினியின் வயலினை மின் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு அந்தப் பத்தாண்டு முழுக்க யார் அதிக வேகம் என்பதே பேச்சு. பிறகு 1991-ல் நிர்வாணா என்ற ராக் குழு. அவர்களுடைய மிகப் பிரபலமான பாட்டில் கிட்டார் சோலோ வரும் இடத்தில் கர்ட் கோபேன் பாடிய மெட்டையே அப்படியே திரும்ப வாசித்தார், அவ்வளவுதான். அந்த அலையில் நீண்ட சோலோக்களே வழக்கொழிந்து போயின. வேகமாக வாசித்தவர்கள் மனமில்லாதவர்கள், நான்கு ஸ்வரம் வாசித்தவர்கள் மனமுள்ளவர்கள் என்ற பிரிவினை அப்போதுதான் கெட்டிப்பட்டது என்று நினைக்கிறேன். இன்றைக்கு ரீல்ஸ் வந்து பந்தயத்தை மறுபடி தொடங்கிவிட்டது. அரை நிமிடத்துக்குள் ஆளை நிறுத்த வேண்டும் என்றால் மெட்டு விரிவதற்கு இடம் கிடையாது, வித்தைக்குத்தான் இடம்.

நம் ஊரிலும் இந்தச் சண்டை பழையதுதான். கர்நாடக இசையில் ஜி.என். பாலசுப்ரமணியத்தின் பிருகாக்கள் (அதிவேக ஸ்வர ஓட்டங்கள்) பொழியும்போது மெய்மறந்தவர்கள் ஒரு பக்கம். எம்.டி. ராமநாதன் விளம்ப காலத்தில் ஒரு ஸ்வரத்தில் நின்று அதைத் தடவிக் கொடுக்கும்போது உருகியவர்கள் இன்னொரு பக்கம். ஆனால் சபாக்களில் நடந்த அந்த விவாதத்துக்கும் கிட்டார்காரர்களின் விவாதத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஜி.என்.பி.யை எவ்வளவு குறை சொன்னவராக இருந்தாலும், அவர் பாடுவது ஒரு குரல், அதற்குள் மூச்சு இருக்கிறது, சாஹித்தியம் (பாட்டின் சொல்) இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. கிட்டாரில் அந்த இரண்டுமே கட்டாயமில்லை. அந்தப் பையன் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

பாடச் சொன்னேன்

வந்தவனை முதலில் அதே மால்ம்ஸ்டீனை வாசிக்கச் சொன்னேன். சின்ன ஆம்ப்தான், சத்தம் குறைவு, போட்டி மேடையின் பதற்றமும் இல்லை. இன்னும் நன்றாகவே வாசித்தான். அப்புறம் அவனே சொந்தமாகக் கட்டிய ஒரு சோலோவை வாசித்தான். நீளமான ஓட்டங்கள், ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும், "கிட்டாரைக் கீழ வை தம்பி, இதையே பாடு" என்றேன்.

சிரித்தான். பாட வராது என்றான். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, தனனா போட்டாவது பாடு, சுருதி விலகினாலும் சரி என்றேன். கூச்சத்தோடு தொடங்கினான். முதல் ஓட்டத்தின் பாதிவரை வந்தான், சுருதியோடுதான் வந்தான். மனதில் மெட்டு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பாதியில் நின்றுவிட்டான். மறுபடி தொடங்கினான். அதே இடத்தில் நின்றான். "மூச்சு பத்தலைண்ணா" என்றான். அதுவரை சார் என்று கூப்பிட்டவன், அந்த நேரத்தில் தன்னை அறியாமல் அண்ணா என்றான்.

அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் தேடிக்கொண்டிருந்தது இருந்தது. நாதஸ்வரத்துக்கு மூச்சு வேண்டும், புல்லாங்குழலுக்கு மூச்சு வேண்டும், குரலுக்கு மூச்சு வேண்டும். வயலினுக்குக்கூட வில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் திரும்ப வேண்டும். கிட்டாருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. வலது கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கலாம், இரவு முழுக்க இருக்கலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்று வாத்தியம் ஒருபோதும் சொல்லாது. வாசிக்கிறவன்தான் தீர்மானிக்க வேண்டும். மெட்ரோனோமோடு மட்டுமே வளர்ந்த கைக்கு நிறுத்துவது என்றால் தவறு செய்வது என்று அர்த்தம். பயிற்சியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதானே விதி. அந்தக் கை மேடைக்கு வந்து திடீரென்று இடைவெளி விடுமா என்ன?

அதே சோலோவை மூச்சு விட்டு விட்டுப் பாடச் சொன்னேன். மூச்சு முடியும் இடத்தில் வாக்கியம் முடிய வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி மெட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். பாடப் பாட அவனே வெட்டினான். எட்டு ஸ்வரம் இருந்த இடத்தில் ஐந்து ஆனது. முடியும் ஸ்வரம் தானாக நீண்டது, ஏனென்றால் பாடுகிறவன் யாரும் வாக்கியத்தின் கடைசி எழுத்தைச் சட்டென்று விட்டுவிட மாட்டான். அப்புறம் கிட்டாரை எடுத்து, இப்போது பாடியதை மட்டும் வாசி என்றேன். வாசித்தான். உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "இது என்ன பாட்டு?" என்று கேட்டாள். முந்தைய அரை மணி நேரம் அவள் எதையும் கேட்கவில்லை. பாட்டு என்று அவள் காதுக்குப் பட்டது அதுதான் முதல் முறை.

வீணை பழகியவர்களுக்கு இதில் புதிய செய்தி ஒன்றும் இல்லை. கீர்த்தனையின் சாஹித்தியம் தெரியாமல் அதை வீணையில் வாசிக்கக் கூடாது என்பது அங்கே பழைய பாடம். சாஹித்தியத்தின் எழுத்து விழும் இடத்தில்தான் மீட்டு. எழுத்து நீளும் இடத்தில் மறுபடி மீட்டாமல், ஒரே மீட்டின் ஒலி அடங்குவதற்குள் இடது கையால் தந்தியை இழுத்து ஸ்வரத்தின் அசைவான கமகத்தைக் கொண்டுவர வேண்டும். சொல் தெரியாதவன் தப்பான இடத்தில் மீட்டிவிடுவான், கேட்கும் ரசிகர் முகம் சுளிப்பார். அதாவது, வாயில்லாத வாத்தியத்துக்கு வாயும் மூச்சும் வெளியிலிருந்து கொடுக்கப்படுகின்றன. கிட்டார் பாடப் புத்தகங்களில் இந்த ஒழுங்கை நான் பார்த்ததே இல்லை. ஸ்கேல் இருக்கும், ஆர்ப்பெஜியோ இருக்கும், எந்த விரலை எந்த ஃப்ரெட்டில் வைப்பது என்று படம் இருக்கும். முதலில் பாடு என்று எழுதியிருக்காது.

ஆனால் கிட்டார் உலகத்தில் ஒருவர் இதைத் தேடி வந்தார். ஜான் மெக்லாஃப்லின். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்து, பிறகு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தி, அந்தக் காலத்தில் அவரைவிட வேகமான கிட்டார் கை உண்டா என்று பேச வைத்த மனிதர். அப்படிப்பட்டவர் 1970-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணவராக உட்கார்ந்து வீணை கற்றுக்கொண்டார். அதன் பிறகு எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் என்று சக்தி குழுவில் அவர் வாசித்தபோது, அவருக்காக கிப்ஸன் செய்து கொடுத்த கிட்டாரில் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டும் தொட்டு இழுப்பதற்கு அந்தக் குழிவு. வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுகளில் (வீணையின் ஃப்ரெட்டுகளில்) விரலுக்குக் கிடைப்பதும் அந்தச் சுதந்திரம்தான்.

இதைச் சொன்னபோது பையனின் கண் விரிந்தது. மால்ம்ஸ்டீனின் கிட்டாரிலும் அதே குழிவு உண்டு என்று அவனுக்குத் தெரியும். அது வேகத்துக்காக என்று அவன் நினைத்திருந்தான். இல்லை, தந்தியை இறுக்கிப் பிடித்து இழுக்கவும் அசைக்கவும் அது முக்கியமாக உதவுகிறது என்றேன். அன்று சாயங்காலமே 'பிளாக் ஸ்டார்' போட்டுக் கேட்டோம், அவனுடைய நாயகனின் 'ஃபார் பியாண்ட் த சன்' வந்த அதே ஆல்பத்தின் முதல் உருப்படி. அதில் மெதுவாக வரும் பல்லவியில் ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்தையும் மால்ம்ஸ்டீன் எப்படி அசைக்கிறார் என்று கேட்கச் சொன்னேன். அகலமான, நிதானமான, வயலின்காரரின் அசைவு. அவரிடமிருந்து ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், எண்ணால் அளக்க முடியாது என்ற ஒரே காரணத்தால்.

ஒரே ஸ்வரத்தில் செய்ய வேண்டிய வேலை

மூச்சு விட்டு வாசிக்கத் தொடங்கியதும் அடுத்த சிக்கல் வந்தது. வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு ஸ்வரம் நீள்கிறது. அந்த நீளத்தில் என்ன செய்வது என்று அவன் கைக்குத் தெரியவில்லை. இழுத்தால் சரியான ஸ்வரத்துக்குப் போய்விடுவான், காது நல்ல காது. ஆனால் போய்ச் சேர்ந்தபின் அங்கே நிற்க முடியாமல் விரல் படபடவென்று நடுங்கும். அதைத்தான் அவன் வைப்ரேட்டோ (நீண்ட ஸ்வரத்தைச் சீராக அசைப்பது) என்று வைத்திருந்தான். நொடிக்கு 10 ஸ்வரம் பிசகாமல் வாசிக்கும் கைக்கு இரண்டு நொடி ஒரே ஸ்வரத்தில் இருக்கத் தெரியவில்லை.

இது மனசு சம்பந்தப்பட்ட குறை இல்லை. உடல் வேலை. தந்தியின் சுருதி அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறுகிறது. தந்தியை இழுத்து ஸ்வரத்தை இரண்டு ஃப்ரெட் அளவு உயர்த்தும் ஒரு ஃபுல் பெண்டுக்கு அதிர்வெண் 12 சதவீதம் கூட வேண்டும் என்றால், இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். 10 கேஜ் என்ற தடிமனுள்ள முதல் தந்தி சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 7 கிலோ இழுவையில் இருக்கிறது. அதை 9 கிலோவுக்கு அருகே கொண்டுபோய், அங்கேயே நிறுத்தி, அந்த நிலையிலிருந்து கொஞ்சம் தளர்த்தி, மறுபடி சரியாக அதே இடத்துக்கு ஏற்றி, இதை ஒரே சீராகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். விரல் பலத்தால் இது நடக்காது. கதவுக் குமிழைத் திருப்புவது போல மணிக்கட்டு திரும்ப வேண்டும், மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டு விரல்களும் சேர்ந்து தள்ள வேண்டும். எத்தனை அகலம், எத்தனை வேகம், ஸ்வரம் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து அசைவு ஆரம்பிக்க வேண்டும், ஸ்வரத்தை எப்படி முடிப்பது, உள்ளங்கையால் அமர்த்துவதா, தானாகத் தேயவிடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவை அத்தனை. ஃபீல் என்று நாம் காற்றில் கை வீசிச் சொல்லும் விஷயத்தின் பெரும்பகுதி இதற்குள் இருக்கிறது என்பது என் திடமான கருத்து. இதுவும் டெக்னிக்தான். எண் போட முடியாத டெக்னிக்.

ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங்கைவிட இதற்கு நல்ல சாட்சி கிடையாது. மிஸிஸிப்பியில் பிறந்த அவர் இளம் வயதில் தன் உறவினரான புக்கா வைட்டின் ஸ்லைடு (தந்தியின் மேல் குழாயை நழுவவிடும்) வாசிப்பைக் கேட்டு மயங்கினார். ஸ்லைடு தனக்குக் கைவரவில்லை என்பதால் அந்த ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முயன்றார். அந்த முயற்சியிலிருந்து வந்ததுதான் உலகம் முழுவதும் ஒரு ஸ்வரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளும் அந்த வைப்ரேட்டோ. ஆள்காட்டி விரல் மட்டும் தந்தியில் இருக்க, மீதிக் கை கிட்டாரின் கழுத்தை விட்டு விலகிப் படபடக்கும். பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு வாசிப்பதில் தனக்குத் தேர்ச்சி இல்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னவர். ஒரே நேரத்தில் பாடவும் வாசிக்கவும் வராது என்றும் சொன்னவர். அதனால் ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், கிட்டார் பதில் சொல்லும். 1964-ல் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான கச்சேரியைக் கேட்டால், கிட்டார் எப்போது தொடங்குகிறது, எப்போது மூச்சு விடுகிறது என்பது முழுக்கப் பாடகனின் கணக்கு என்று தெரியும். அவருடைய வாக்கியங்களின் ஸ்வரங்களை எழுதி எடுப்பது எளிது. கொஞ்சம் பழகியவர் ஒரு சாயங்காலத்தில் எடுத்துவிடலாம். எழுதியதை வாசித்தால் அது பி.பி. கிங் ஆகாது. சின்ன காந்தாரத்தை அவர் இழுக்கும் இழுப்பு சின்னதிலும் நிற்காது, பெரியதிலும் நிற்காது, இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் நிற்கும். அந்த இடத்துக்கு ஃப்ரெட் கிடையாது. அதை அவர் ஒவ்வொரு முறையும் தவறாமல் போய்த் தொட்டார்.

ஆங்கிலேய கிட்டார்காரர் ஜெஃப் பெக்கை நினைத்தாலும் இதுதான். 1989-ல் வந்த 'வேர் வெர் யூ' என்ற மெதுவான உருப்படியைக் கேட்டவர்கள் கண் கலங்குவார்கள். அதில் டெக்னிக் இருப்பதாக யாருக்கும் தோன்றாது. ஆனால் மெட்டின் பெரும்பகுதியை அவர் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்ஸ் ஸ்வரங்களைத் தட்டி, சுருதியை மாற்றும் கம்பியான ட்ரெமோலோ பாரைக் கையால் ஏற்றி இறக்கி, அந்தரத்தில் சுருதி பிடித்து வாசிக்கிறார். பிக்கை அவர் விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. சுண்டு விரல் வால்யூம் குமிழில் இருக்கும். பல்கேரியப் பெண்களின் சேர்ந்திசையைக் கேட்ட தாக்கத்தில் பிறந்த உருப்படி அது, மறுபடியும் குரல்தான். நான் அறிந்த வேகமான கிட்டார்காரர்கள் பலர் முயன்று கைவிட்ட உருப்படியும் அதுவே.

உணர்ச்சி தானாகப் பொங்கி வரும், உழைத்தால் கெட்டுவிடும் என்று நம்புகிறவர்களுக்கு பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மரை நினைவூட்டத் தோன்றுகிறது. 'கம்ஃபர்டப்ளி நம்ப்' பாட்டின் இறுதி சோலோவை அவர் ஐந்தாறு முறை வெவ்வேறாக வாசித்துப் பதிவு செய்தார். பிறகு ஒவ்வொன்றையும் கேட்டு, எந்தப் பதிவில் எந்த இடம் நன்றாக இருக்கிறது என்று காகிதத்தில் குறித்து, நல்லவற்றைச் சேர்த்து ஒன்றாக்கினார். கேட்பவர்களுக்கு அது ஒரே மூச்சில் வந்த அழுகை. அவருக்கு அது தேர்ந்தெடுக்கும் வேலை. அந்த அழுகை பொய்யாகிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது உண்மையாக ஒலிக்கிறது என்று பொறுமையாகத் தேடிய ஒருவருக்குத்தான் அது கிடைத்திருக்கிறது.

இதனால்தான் அந்தப் போட்டியில் இரண்டாவது பையனுக்குக் கிடைத்த பரிசு எனக்கு வருத்தம் தருகிறது. முதல் பையன் தோற்றது எனக்குப் பெரிய விஷயமில்லை. இரண்டாவது பையனிடம் பாட்டின் சொல் இருந்தது, வாக்கியம் எங்கே முடிகிறது என்ற அறிவு இருந்தது. அது பெரிய சொத்து. ஆனால் அவன் பெண்டுகள் கீழே நிற்கின்றன என்று யாரும் சொல்லவில்லை. ஃபீல் இருக்கிறது என்று கைதட்டி அனுப்பிவிட்டோம். அவனுக்கு ஒரு ட்யூனரும் ஒரு மாத உழைப்பும் போதும். அதைச் சொல்லாமல் விட்டது அவனுக்குச் செய்த அநியாயம்.

வேகமும் பாடலாம்

சரி, அப்படியென்றால் மெதுவாக வாசித்தால்தான் சங்கீதமா என்று பையன் சில வாரம் கழித்துக் கேட்டான். நியாயமான கேள்வி. ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரெய்ன்ஹார்டைக் கேட்கச் சொன்னேன். 1928-ல் அவர் குடியிருந்த வண்டியில் தீப்பிடித்து இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் கிட்டத்தட்டப் பயனற்றுப் போயின. மிச்சமிருந்த இரண்டு விரல்களால் அவர் வாசித்த ஓட்டங்கள் இன்றைக்கும் மற்றவர்களுக்கு நான்கு விரலால் கஷ்டம். அந்த வேகத்தில் சிரிப்பு இருக்கிறது, கேலி இருக்கிறது, திடீரென்று ஒரு விம்மல் இருக்கிறது. ஓட்டத்தை முணுமுணுக்க முடிகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1982-ல் வந்த 'இளைய நிலா' பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டார் பகுதி சுத்தமான விரல் வேலை இல்லாமல் நிற்காது. முயன்று பார்த்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும். ஆனால் கிட்டாரையே தொடாதவர்கள்கூட அதை வாயால் வாசித்துக் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் கிட்டார் கற்கும் யாரும் அதை டெக்னிக் என்று நினைத்துப் போவதில்லை. மெட்டுக்காகப் போய், டெக்னிக்கைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

ஆகவே அவனுடைய கேள்விக்கு நான் இப்போது கொடுக்கும் பதில் மணிக்கணக்கில் அடங்குவதுதான். மெட்ரோனோமை விடாதே. அதோடு தினமும் ஒரு மெட்டை எடு, திரைப்பாட்டோ கீர்த்தனையோ ஞானப்பாட்டோ எதுவானாலும் சரி, முதலில் சொல்லோடு பாடு. எழுத்து விழும் இடத்தில் மட்டும் பிக் வை, மீதியை இடது கையில் கொண்டுவா. ஒரு ஃபுல் பெண்டை எடுத்து, முதலில் அந்த ஸ்வரத்தை மேல் ஃப்ரெட்டில் வாசித்துக் கேட்டு, பிறகு இழுத்து அங்கே போ. போனபின் அசைக்காமல் நில். அசைக்காமல் நிற்க வந்த பிறகு அசை. பதிவு செய்து மறுநாள் கேள். அன்றன்றைக்கே கேட்டால் காது தன் கையை மன்னித்துவிடும்.

அவன் அதைச் செய்துகொண்டிருக்கிறான். வைப்ரேட்டோவில் நடுக்கம் போய் அகலம் வந்திருக்கிறது. ஆனால் அவன் என் எல்லாப் பேச்சுக்கும் தலையாட்டுகிறவன் இல்லை. போன முறை வந்தபோது அந்த சோலோவை மறுபடி கட்டிக்கொண்டு வந்தான். முன் பாதி முழுக்கப் பாட்டு. நடுவில் அவன் பழைய ஓட்டம் ஒன்று, எதையும் வெட்டாமல், மூச்சு எட்டாத நீளத்தில் அப்படியே இருந்தது. இதைப் பாட முடியாதே தம்பி என்றேன். "முடியாதுண்ணா, தெரியும். பாடுறவனுக்கு மூச்சு முட்டுற இடத்துலதான் கிட்டார் தனியாப் போகணும். அது முடிஞ்சு அந்தக் கடைசி ஸ்வரம் வருதுல்ல, அதுக்காகத்தான் அவ்வளவு நீளம்" என்றான். கடைசி ஸ்வரம் உண்மையிலேயே பிரமாதமாக வந்தது. ஓட்டம் எனக்கு இன்னும் இரண்டு தாள வட்டம் அதிகம் என்றுதான் படுகிறது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை.